இரண்டு மூக்குச் சால்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மலைக்குப் போகும் படிகளைப் பார்த்தபடி நீளும் ஒரு சந்தில் கோமளவல்லி என்ற பெண் ஓமத் தீநீர் வடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர்கள் அதை ஓம வாட்டர் என்பார்கள். குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டால் ஒரு சங்கு, பெரியவர்களுக்குச் செரிக்காவிட்டால் ஒரு மூடி. ஊரில் மூன்று நாட்டு மருந்துக் கடைகள் இருந்தன. மூன்றிலும் அலமாரியின் கண்ணுக்கு நேரான தட்டில் நிற்பவை அவள் வடித்த பாட்டில்கள்தான். ஆனால் அவளைப் பற்றி ஊர் பேசியது அந்தப் பாட்டில்களால் அல்ல. 1975ஆம் ஆண்டு கோடையில் அவள் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் தானாக நடந்ததால்தான்.

அவள் பிறந்தது அம்மையார்குப்பத்தில், நெசவுக்காரர் வீட்டில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கேள்வி மட்டும் நிற்கவில்லை. ஒன்பது வயதில், தெருவில் யாரோ வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டுத் தாளிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் மத்தியானச் சாப்பாட்டுக்கே போகவில்லை. தேடிக்கொண்டு வந்த அப்பாவிடம், "நைனா, அடுப்பே இல்லியே, பச்சத் தண்ணிய ஊத்துனா இது எப்படி கொதிக்குது?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தாளித்துக்கொண்டிருந்த ஆளுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று இரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் சொன்னது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்ததாம்.

பரந்தாமனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருத்தணிக்கு வந்தாள். அவன் தினமும் காலை முதல் டவுன் பஸ்ஸில் அம்மையார்குப்பத்துக்கே போய் விசைத்தறி ஓட்டிவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவான். அவள் ஒரு சித்த வைத்தியரிடம் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கிருந்த செம்பு வாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் மகனோடு சித்தூருக்குக் குடிபெயர்ந்தபோது, "இத்த யாரு தூக்கிகினு போவாங்க, நீயே வெச்சிக்கோ" என்று அந்த வாலையை அவளிடம் விட்டுப் போனார்.

வாலை என்பது பெரிய வித்தையொன்றுமில்லை. அடுப்பின் மேல் ஒரு செம்புப் பானை. அதில் ஊறவைத்த ஓமமும் தண்ணீரும். பானையின் மூடியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய தகரத் தொட்டிக்குள் பாம்புபோல் சுருண்டு இறங்கி, தொட்டியின் அடியில் வெளியே வரும். பானையில் கொதித்த ஆவி அந்தக் குழாய் வழியாக வரும்போது தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சியில் நீராகி, முனையில் சொட்டுச் சொட்டாக விழும். அவ்வளவுதான். ஆனால் தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். அது சூடாகிவிட்டால் ஆவி ஆவியாகவே வெளியே போய்விடும். தெருவெல்லாம் ஓமம் மணக்கும், பாட்டில் காலியாக இருக்கும். அதனால் அரைமணிக்கொருதரம் சுடுதண்ணீரை மொண்டு சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வைத்தியர் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்.

அந்த வருஷம் முந்தைய இரண்டு மழையும் பொய்த்திருந்தது. நல்லான்குளத்தில் படிகள் அடிவரை தெரிந்தன. தெருக்குழாயில் காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வந்தது, அதுவும் நூல்போல. ஒருநாள் கோமளவல்லி ஆறாவது குடத்தைக் குழாயடியில் வைத்தபோது, எதிர்வீட்டு ஜெயம்மாள் அந்தக் குடத்தைக் காலால் நகர்த்தினாள்.

"இந்தா கோமளா, சோறாக்கத் தண்ணியில்லாம நாங்க நின்னுகினு கீறோம். நீ குடம் குடமா எடுத்துகினு போய் சாக்கடைல ஊத்துற. இது இன்னா நியாயம்?"

"ஊத்துறதுக்கா எடுத்துகினு போறேன்? மருந்து வடிக்கக்கா."

"மருந்துக்குப் போறது எம்மாந் தண்ணி, சாக்கடைக்குப் போறது எம்மாந் தண்ணி? நீயே சொல்லு பாப்போம்."

பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். குழாயடியில் அதுதான் வழக்கம். ஆனால் கோமளவல்லிக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள், வீட்டில் முன்பே பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்து அன்று அளந்து பார்த்தாள். பானைக்குள் போனது ஒரு குடம். பாட்டில்களுக்கு வந்தது அரைக்குடத்துக்கும் குறைவு. குளிர வைக்க ஊற்றிச் சாக்கடைக்குப் போனது எட்டுக் குடம்.

எட்டாவது குடத்தைக் கொட்டும்போது கையை நனைத்துப் பார்த்தாள். பளிங்கு மாதிரித் தண்ணீர். அது எதையும் கழுவவில்லை, அதில் எதுவும் கலக்கவில்லை. சூடானது ஒன்றுதான் அது செய்த குற்றம்.

மறுநாள் தெருவில் எல்லோரும் கூடி, மழை பெய்கிறவரை வீட்டுக்கு நாலு குடம் என்று பேசி முடித்தார்கள். நாலு குடத்தில் இரண்டு வீட்டுச் செலவுக்கு, ஒன்று பானைக்கு. மிச்சம் ஒரே குடம். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் கைக்குழந்தைகளோடு வருகிறவர்கள் நிறைய என்று மருந்துக் கடைக்காரர்கள் அப்போதே பாட்டில்களுக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

முதலில் அவள் சுடுதண்ணீரைக் கொட்டாமல் அண்டாவில் சேர்த்து, ஆறவிட்டு, அடுத்த நாள் ஊற்றினாள். அதில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வாலை எரிந்தது. அப்படி ஒருநாள் தொட்டியிலிருந்து மொள்ளக் கையை விட்டபோதுதான் அந்தச் சங்கதி தட்டுப்பட்டது. மேலே சுரீரென்று சுட்டது. சொம்பு கைநழுவி உள்ளே விழுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கைவரை கையை விட்டாள். விரல்கள் பட்ட அடித்தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருந்தது.

சொம்பை எடுக்க மறந்து, கையை மேலும் கீழுமாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மேலே சூடு. கீழே குளிர்ச்சி. நடுவில் ஒரு கோடு கிழித்தமாதிரி. இத்தனை வருஷமாகச் சுட்ட தண்ணீரோடு சுடாத தண்ணீரையும் சேர்த்துக் கலக்கிக் கொட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆர்.கே.பேட்டைச் சாலையில் வேதாசலம் என்பவர் பானை செய்துகொண்டிருந்தார். அவரிடம் போய், ஐந்து குடம் தண்ணீர் பிடிக்கிற பெரிய மண் சால் ஒன்று வேண்டும், அதன் கழுத்துக்குக் கீழே ஒரு மூக்கு வேண்டும் என்றாள்.

"சாலுக்கு இன்னாத்துக்குமா மூக்கு? கூஜாவா இது?"

"தொட்டியில மேல நிக்கிற சுடுதண்ணி மட்டும் இதுக்குள்ள வந்து ஆறணுங்க."

அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் செய்து கொடுத்தார். தகரவேலைக்காரர் ஒருவர் தொட்டியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு குழாயைப் பற்றவைத்துத் தந்தார். தொட்டிக் குழாயையும் சாலின் மூக்கையும் ஒரு சைக்கிள் டியூப் துண்டால் இணைத்து, பரந்தாமன் கொண்டுவந்த கழிவு நூலால் இறுக்கிக் கட்டினாள். சால் தொட்டியின் உயரத்துக்கு வரச் செங்கல் அடுக்கினாள்.

சுடுதண்ணீர் சாலுக்குப் போனது. அங்கே ஆறியது. ஆனால் ஆறியது திரும்பி வரவில்லை. சாலின் அடியிலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு தொட்டிக்குள் ஊற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் மிச்சமானது உண்மை. தோள்பட்டை கழன்றது அதைவிட உண்மை. மூன்று நாள் அப்படி ஊற்றிய பிறகு, நான்காம் நாள் சொம்போடு நின்றபடியே யோசித்தாள். சுட்டது தானாக மேலே ஏறி ஒரு பக்கம் போகிறது. போன இடத்தில் ஆறியது தானாகக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கும் ஒரு வழியைத் திறந்துவிட்டால்?

வேதாசலத்திடம் மறுபடி போனாள்.

"இன்னொரு மூக்கு கீழ வேணுங்க. அடியை ஒட்டி."

"கீழ மூக்கு வெச்சா ஊத்துன தண்ணி நிக்குமாம்மா?"

"நிக்க வேணாங்க. நடக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். வீட்டில் பரந்தாமன் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவுமில்லை. நாளெல்லாம் மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நிற்கிறவன் அவன். "தள்ளுறதுக்கு ஒண்ணு வேணும் இல்ல கோமளா? ஒண்ணு ஆளு தள்ளணும், இல்லேன்னா கரண்ட் தள்ளணும். சும்மா எப்படி போவும்?"

"அதாங்க எனக்கும் தெரியல. வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்."

இரண்டு மூக்குச் சால் வந்தது. தொட்டியின் அடியிலும் ஒரு குழாய் வைத்து, கீழ் மூக்கோடு இணைத்தாள். இரண்டையும் நிரப்பத் தண்ணீர் வேண்டுமே. தினம் தன் பங்கில் மிச்சம் பிடித்துப் பத்து நாள் சேர்த்தாள். அந்தப் பத்து நாளும் வாலை எரியவில்லை. பத்தாம் நாள் காலை எல்லாவற்றையும் ஊற்றி, அடுப்பை மூட்டி, முதல் சொட்டு விழுவதற்காகக் குந்தி உட்கார்ந்தாள். சொட்டு விழவில்லை. படீரென்று ஒரு சத்தம்தான் கேட்டது. கீழ் மூக்கு ஒட்டிய இடத்தில் வாய் பிளந்து, பத்து நாள் தண்ணீரும் பின்கட்டில் பரவி, முற்றத்தைத் தாண்டி, தெருச் சாக்கடையில் போய் விழுந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. புடவை நனைய அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஜெயம்மாளின் குரல் கேட்டது.

"அடிப் பாவி, மறுபடியும் ஊத்துறியா நீ!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவள், சேற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளையும் பிளந்த சாலையும் பார்த்து நின்றுவிட்டாள். "இன்னாடி இது?"

கோமளவல்லி சொன்னாள். சுட்டது மேலே போவதை, ஆறியது கீழே இறங்குவதை, நடுவில் கோடு கிழித்தமாதிரி இருப்பதை. அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் சொல்லச் சொல்ல அழுகையை மறந்து கையால் வளைத்து வளைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஜெயம்மாளுக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதியை நம்பவில்லை.

"ஒடையாம இருந்தா நெசமா போவுமா?"

"தெரியலக்கா."

"தெரியாமயா பத்து நாளு தண்ணிய சேத்த?"

"தெரிஞ்சுக்கத்தான் சேத்தேன்."

ஜெயம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு வேதாசலத்திடம் போனபோது அவர் முகம் மாறியது. மூக்கு ஒட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "தப்பு என்னுதுமா. ஒடம்பு பாதி காஞ்சப்புறம் மூக்க ஒட்டுனேன். கீழ தண்ணியோட பாரம் முழுக்க இருக்கும்னு யோசிக்கல." ஈரமாக இருக்கும்போதே ஒட்டி, உள்ளேயும் வெளியேயும் மண் வைத்துப் பூசி, அடுத்த சூளையில் இரண்டு சால் சுட்டார். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. வண்டியில் ஏற்றி அவரே கொண்டுவந்தார். தண்ணீர் நடப்பதைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று பின்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இந்தத் தடவை சேர்க்கப் பத்து நாள் ஆகவில்லை. ஜெயம்மாள் தன் வீட்டிலிருந்து மூன்று குடம் கொண்டுவந்து ஊற்றினாள். "கடன்தான், திருப்பிக் குடுத்துடணும்" என்று அவள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுப்பு எரிந்தது. பானை முனகியது. குழாய் முனையில் முதல் சொட்டு விழுந்தது, பிறகு அடுத்தது. தொட்டியிலும் சாலிலும் தண்ணீர் அசையாமல் கண்ணாடியாகக் கிடந்தது. பரந்தாமனுக்கு அன்று வார விடுமுறை. "நான் சொன்னேனே" என்று அவன் ஆரம்பிப்பதற்குள், கோமளவல்லி மஞ்சள் டப்பாவை எடுத்துவந்தாள். ஒரு சிட்டிகை மஞ்சளைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, தொட்டியின் மேல்குழாய் வாயருகே விரலால் கரைத்துவிட்டாள்.

மஞ்சள் ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நீண்டு, நூலிழைபோல் ஆகி, குழாய்க்குள் நுழைந்தது. நாலு பேரும் சாலின் மேல் குனிந்தார்கள். தலைகள் முட்டிக்கொண்டன. மேல் மூக்கிலிருந்து புகைபோல ஒரு மஞ்சள் இழை வெளியே வந்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில் பரவி, சாலின் அடுத்த ஓரத்தைத் தொட்டு, அங்கிருந்து ஓட்டின் உட்பக்கத்தை ஒட்டியபடி கீழே இறங்க ஆரம்பித்தது.

"போவுது!" என்றார் வேதாசலம். "நடக்குதும்மா!"

பரந்தாமன் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தான். சாலைச் சுற்றி வந்தான். தள்ளுகிற ஆள் யாரும் ஒளிந்திருக்கவில்லை. "கரண்ட் இல்ல, பெல்ட் இல்ல..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு ஒரு பொட்டு மஞ்சளைத் தானே எடுத்து விட்டுப் பார்த்தான். அதுவும் போனது.

ஜெயம்மாள்தான் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். சாலின் வெளிப்பக்கத்தில் கையை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "கோமளா, உள்ள வெதுவெதுன்னு கீது, வெளிய ஜில்லுனு கீதுடி!" புதுச் சால் வியர்த்திருந்தது. அதன் மேல் காற்று பட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சாலுக்கு ஈரக் கோணி சுற்றினார்கள்.

அதன் பிறகு ஆடிக் கிருத்திகை வரும்வரை வாலை ஒருநாள்கூட ஓயவில்லை. தொட்டியில் ஊற்றிய அதே தண்ணீர் சாலுக்கும் தொட்டிக்குமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுப்புப் பக்கம் உட்கார்ந்துதான் இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் போனது. மலைமேல் அரோகரா சத்தம் கேட்கத் தொடங்கிய நாளில் மூன்று கடைகளிலும் பாட்டில்கள் வரிசையாக நின்றன. தெருவில் யாருடைய குடமும் குறையவில்லை.

நடுவில் ஒருநாள் மட்டும் திடீரென்று தண்ணீர் நடப்பதை நிறுத்திக்கொண்டது. தொட்டி கொதித்தது, ஆவி அடித்தது, தெருவில் ஓமம் மணந்தது. மூக்குக்குள் எலி புகுந்துவிட்டதோ என்று பயந்து தேடினாள். ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டம் மேல்குழாய்க்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அரைக்குடம் ஊற்றியதும் மறுபடி நடந்தது. அதன் பிறகு தினம் அரைக்குடம் ஊற்றினாள். ஆனால் ஒழுக்கல் எங்கும் இல்லாதபோது அந்த அரைக்குடம் எங்கே போகிறது என்பது அவளை விடாமல் அரித்தது.

தெருவிலிருந்து செய்தி பரவி, பார்க்க வந்தவர்களில் உயர்நிலைப்பள்ளி விஞ்ஞான ஆசிரியர் நாகராஜனும் ஒருவர். பாட்டில் வாங்க வந்தவர் ஒருமணி நேரம் நின்றுவிட்டார். மஞ்சள் போவதைப் பார்த்துவிட்டு, "இது புஸ்தகத்துல இருக்குதுங்கம்மா. வெப்பச்சலனம்னு பேரு" என்றார்.

"பேரு வேற இருக்குதுங்களா?" கோமளவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் தினமும் பார்க்கிற ஆளின் பெயர் இப்போதுதான் தெரிந்தமாதிரி, வெப்பச்சலனம், வெப்பச்சலனம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்படீன்னா சுட்ட தண்ணி ஏன் சார் மேல ஏறுது?"

"லேசாயிடுதும்மா. அதனால."

"சுட்டா ஏன் லேசாவுது?"

அவர் விரிகிறது என்றார், இடைவெளி என்றார். ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஏன் வந்தது. ஐந்தாவது ஏனில் அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படிச்சுட்டு வந்து சொல்றேங்கம்மா" என்றார். சொன்னபடியே அடுத்த வாரம் வந்து, ஒழுக்கல் இல்லாத அரைக்குடம் எங்கே போகிறது என்பதைச் சொன்னார். சாலின் மேல் வாயிலிருந்தும் மண் துளைகளிலிருந்தும் ஆவியாகப் போகிறது, போகும்போது சூட்டையும் கூட எடுத்துக்கொண்டு போகிறது என்றார். அதனால்தான் சால் ஜில்லென்று இருக்கிறது. அவள் சாலைச் சுற்றியிருந்த ஈரக் கோணியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ அது வேஸ்ட் இல்லீங்க. அதான் வேல செய்யுது" என்றாள்.

அடுத்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. தெருக்குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தது. அப்போதும் கோமளவல்லி எட்டுக் குடம் கொட்டுகிற பழைய வழிக்குத் திரும்பவில்லை. ஜெயம்மாள் வாரத்தில் நாலு நாள் அவளோடு சேர்ந்து பாட்டில் நிரப்பினாள். வேதாசலம் மூக்கு வைத்த சால் இன்னும் சிலவற்றைச் செய்து பார்த்தார். ஒன்றை நகரியில் பன்னீர் வடிக்கிற ஒரு குடும்பம் வாங்கிப் போனது. மற்றவை விற்காமல் நின்றன. இரண்டு மூக்கு எதற்கு என்று வாங்க வந்தவர்கள் கேட்க, விளக்கிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

எண்பத்திரண்டில், ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர் பரந்தாமன் மூலமாக அவளுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் பட்டறையில் கொதிகலத்துச் சுடுதண்ணீர் நாள்முழுக்க வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது, கிணறு இறங்கிக்கொண்டிருந்தது. அவளால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். அவள் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினாள். நாற்பத்து நாலு வயது, கண்ணாடி போட்டிருந்தாள். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். அவள் வாய்க்கால் ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டின்னின் மேல் உட்கார்ந்து, சிவப்பாக ஓடிய தண்ணீரில் கையை நனைத்துப் பார்த்தாள். இங்கே தண்ணீர் சுத்தமாக இல்லை, சாயம் கலந்திருந்தது. வேகமும் அதிகம். அவள் பின்கட்டில் பார்த்த எதுவும் இங்கே அப்படியே பொருந்தவில்லை.

மத்தியானம்வரை அவள் எழுந்திருக்கவில்லை. முதலாளி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"இன்னாம்மா, ஏதாச்சும் தோணுச்சா?"

"இன்னும் ஒண்ணும் புரியலீங்க" என்றாள் கோமளவல்லி, முகமெல்லாம் மலர. "எந்தத் தண்ணி எங்கேந்து வருது, எங்க போயி ஆறுதுன்னு மொதல்ல பாத்துக்கறேன். நாளைக்கும் வரலாங்களா?"